கொடிமலை ஓடையும் இரண்டடித் தொட்டியும்



1849இல் தியோடர் கேன்டர் என்ற டென்மார்க்கு நாட்டு மருத்துவர் மலாயா மீன்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையில் பினாங்குப் பக்கம் இருந்தவர் அவர். ராஜநாகத்தை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவரும் அவரே. அந்தப் பட்டியலில் பினாங்கின் பழுப்பு நிறச் சண்டை மீன் ஒன்றும் இடம்பெற்றது. பெட்டா புக்னாக்ஸ் என்று இன்று வழங்கும் அந்த மீனை மீன் வளர்ப்போர் உலகெங்கும் ‘பினாங்கு பெட்டா’ என்றே அழைக்கிறார்கள். சயாமின் பெயர்பெற்ற சண்டை மீனும் இதுவும் ஒன்றென்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1910இல் சார்லஸ் டேட் ரீகன் சயாம் மீனுக்கு வேறு பெயர் கொடுத்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. கேன்டர் வைத்த பெயர் பினாங்கு மீனுக்கே நிலைத்தது.

குறைந்த செலவில் செடித் தொட்டி வைப்பது பற்றிய பேச்சில் இந்த மீன் ஏன் முதலில் வருகிறது? பினாங்கின் பாலிக் புலாவ்காரர் ஒருவர் முதன்முதலாக மீன் தொட்டி வைக்க நினைத்தால் உடனே கைப்பேசியை எடுத்து ஜப்பானியத் தொட்டிகளின் படங்களைப் பார்க்கிறார். அந்தத் தொட்டிகளுக்கு வேண்டிய மண், விளக்கு, கரியமில வாயு உருளை என்று விலையைக் கூட்டிப் பார்த்து மலைத்துப்போய் ஆசையைக் கைவிடுகிறார். ஆனால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கொடிமலையிலிருந்து இறங்கும், இந்த மீன் வாழும் ஓடையே ஒரு செடித் தொட்டிதான். குளிர்நாட்டார் ஹீட்டர் வைத்து வரவழைக்கும் வெப்பம் இங்கே ஆண்டு முழுவதும் சும்மா கிடைக்கிறது. அவர்கள் காசு கொடுத்து வாங்கும் செடிகளில் சில இந்தத் தீபகற்பத்து ஆற்றுப் பாறைகளிலேயே முளைக்கின்றன.

சிக்கனமான தொட்டி புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் தொட்டியில் மண்ணும் மணலும் இட்டு, வாலிஸ்னேரியா செடி நட்டு, இரண்டு தங்கமீன்களை விட்டார். மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனைச் செடி தரும் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மின்சாரம் இல்லை, பம்ப் இல்லை, மாதக்கணக்கில் தொட்டி நின்றது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1999இல், அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் செடித் தொட்டியின் சூழலியல் பற்றி எழுதிய நூலில் அதே பாதையை அறிவியல் சான்றுகளோடு விரித்தார். சாதாரணத் தோட்டத்து மண்ணே உரம், செடியே வடிகட்டி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியத்தைச் செடிகள் நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன என்பது அவர் அழுத்திச் சொன்ன செய்தி.

இந்த இருவர் வழியில் போனால் கையில் இருநூறு வெள்ளி வைத்திருப்பவரும் தயங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் சூட்சுமம். தொடங்குபவர்களில் பலர் பாதிப் பணத்தைத் தொட்டிக்கும் கால்வாசியை மீனுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் இரண்டு கொத்துச் செடி வாங்குகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். பணத்தில் பெரும்பங்கு செடிக்கும் வெளிச்சத்துக்கும் போகட்டும். தொட்டி பழையதாக இருந்தால் போதும். மீன் வளர்ப்பைக் கைவிட்டவர்கள் வீட்டுப் பின்கட்டில் காலித் தொட்டி எப்போதும் கிடக்கும். வாங்கியதும் வெளியே சமதளத்தில் வைத்து ஒரு நாள் முழுக்க நீர் நிரப்பிக் கசிவு பார்த்துவிட வேண்டும். மூலைகளில் சிலிகான் உரிந்திருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது.

அளவு இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி ஏறத்தாழ 57 லிட்டர். இதைவிடச் சிறிய தொட்டி மலிவு என்று தோன்றும். ஆனால் நீர் குறையக் குறைய வெப்பமும் கழிவும் சட்டென்று ஏறும். அனுபவமில்லாதவருக்குச் சின்னத் தொட்டிதான் கடினம். இன்னொன்று, நீரும் மண்ணும் கண்ணாடியும் சேர்ந்து எழுபது கிலோவைத் தொட்டுவிடும். கம்பத்து மர வீட்டில் பலகைத் தரையின் நடுவில் வைத்தால் தரை தொய்யும். சுவரோரம், கீழே உத்தரம் ஓடும் இடம் பார்த்து வைக்க வேண்டும். அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு விரிப்பு போட்டால் கண்ணாடி மேல் அழுத்தம் சீராகும்.

வெயில் நேராக விழும் சன்னல் ஓரம் வேண்டாம். நீர் சூடாகும், ஒரு வாரத்தில் பாசி கண்ணாடியை மூடிவிடும். வீட்டு விளக்குக்குப் பயன்படும் 9 வாட் எல்.இ.டி பல்புகள் இரண்டு, பகல் வெளிச்ச வகை, கிளிப் விளக்கில் மாட்டித் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டால் எளிய செடிகளுக்குத் தாராளம். நாளுக்கு எட்டு மணி நேரம் எரிந்தாலும், கூடவே 3 வாட் ஏர் பம்ப் இரவு பகலாக ஓடினாலும், மாதம் ஏழு யூனிட் மின்சாரம்கூட ஆகாது. டைமர் ஒன்று வாங்குவது வீண் செலவு ஆகாது. மனிதர் மறந்து பன்னிரண்டு மணி நேரம் எரியவிடும் விளக்குதான் பாசிக்கு விருந்து வைக்கிறது.

மண் விஷயத்தில் இந்த ஊருக்கு ஒரு வசதி உண்டு. பினாங்குத் தீவு கருங்கல்லால் ஆனது. அது சிதைந்து உண்டான செம்மண்ணில் இரும்புச்சத்து இருக்கிறது; நீர்ச்செடிகளுக்கு அது நல்லது. ஆனால் டுரியான் தோட்டத்திலிருந்தோ ஜாதிக்காய் மரத்தடியிலிருந்தோ மண் அள்ளக்கூடாது. உரம் இட்டிருப்பார்கள், பூஞ்சைக்கு மருந்து அடித்திருப்பார்கள். அந்த மருந்துகள் பலவற்றில் இருக்கும் செம்பு நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். எதுவும் தெளிக்காத வீட்டுப் பின்புறத்தின் மேல்மண்ணைக் காயவைத்து, கல்லும் வேரும் போகச் சலித்து, இரண்டு சென்டிமீட்டர் பரப்பினால் போதும். அதன் மேல் மூன்று சென்டிமீட்டருக்குக் கழுவிய மணல். மணல் மூடி இல்லாவிட்டால் நீர் ஊற்றியதும் தொட்டி தேநீர் ஆகிவிடும்.

மணலுக்கும் ஒரு சோதனை. பூலாவ் பெத்தோங், கெர்தாக் சங்குல் கடற்கரைகளில் மணல் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். ஒரு கரண்டி மணலைக் கிண்ணத்தில் போட்டு அதன் மேல் வினிகர் விட்டுக் காதருகே கொண்டுபோனால் மெல்லிய சீறல் கேட்கும். பொடிப் பொடியாக நுரை எழும். சிப்பித் தூளில் உள்ள சுண்ணாம்பு கரைவதன் அடையாளம் அது. அந்த மணல் நீரைக் கடினமாக்கும், பி.எச் அளவை ஏற்றும். கட்டுமானக் கடையின் ஆற்று மணலை இதே சோதனை செய்து, நுரைக்காவிட்டால் பத்துப் பதினைந்து முறை அலசி எடுத்துக்கொள்ளலாம்.

இனி செடிகள். வெப்பத்தைத் தாங்கும் செடிகளாகப் பொறுக்குவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. படங்களில் பச்சைக் கம்பளம்போல் விரியும் சிறுசெடிகள் பல 22 முதல் 25 பாகை நீரையும் பலமான ஒளியையும் கேட்பவை; பினாங்கு வீட்டுக்குள் அவை வாடும். அதற்குப் பதில் கிரிப்டோகோரின். மலேசியக் காட்டோடைகளுக்கே உரிய இனங்கள் அதில் பல உண்டு. கடைகளில் அதிகம் கிடைப்பது வென்டி என்ற வகை. அது இலங்கைக்கு மட்டுமே உரியது, 1958இல் நெதர்லாந்துத் தாவரவியலாளர் டி விட் பெயர் சூட்டியது. குறைந்த வெளிச்சத்தில் வளரும், மண்ணில் வேரூன்றும், ஒருமுறை நிலைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். நட்ட முதல் வாரத்தில் இதன் இலைகள் கண்ணாடி போலாகிக் கரைந்து விழும். பயந்துபோய்ப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. வேரைத் தொடாமல் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் நடுவிலிருந்து புது இலை சுருண்டு எழும். பண்ணைகளில் காற்றில் வளர்க்கப்பட்ட இலை நீருக்கடியில் பிழைக்காது. செடி நீருக்கேற்ற இலையை மறுபடி உண்டாக்கிக்கொள்கிறது.

ஜாவா ஃபெர்ன் இந்தப் பகுதியின் ஓடைப் பாறைகளில் ஒட்டி வளரும் பெரணி. அதை மண்ணில் புதைத்தால் தண்டு அழுகும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டினால் போதும். தமிழர் வீடுகளில் மருந்தாக அறியப்பட்ட நீர்ப்பிரமி நீருக்கடியிலும் நேராக வளரும், பின்வரிசைக்கு ஏற்றது. இந்தியாவிலிருந்து உலகெங்கும் போன ஹைக்ரோஃபிலா வகைகளும் அப்படியே. முதல் மாதத்தில் மிக வேகமாக வளரும் செடி ஒன்று கட்டாயம் வேண்டும். ஹைட்ரில்லாவோ வாட்டர் ஸ்ப்ரைட் என்ற நீர்ப்பெரணியோ அந்த வேலைக்குப் பொருத்தம். மண்ணிலிருந்து கசியும் சத்தைப் பாசிக்கு முந்தி இவை உண்டுவிடும். தரையின் முக்கால் பங்கு முதல் நாளே செடியால் நிறைந்திருக்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் செய்து ஆறு செடி நட்டுவிட்டு, பெருகட்டும் என்று காத்திருந்தால் காலியிடத்தைப் பாசி பிடிக்கும்.

நீர்ப்பெரணி வயல்களில் தானாக முளைப்பது. சுங்கை பூரோங் பக்கத்து நெல்வயல் வாய்க்காலில் கண்டு எடுத்துவர நினைப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெல் தண்டிலும் வாய்க்கால் கல்லிலும் நீர்மட்டத்துக்கு மேலே இளஞ்சிவப்பு மணிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் அவை தென் அமெரிக்காவிலிருந்து வந்த தங்க நத்தையின் முட்டைகள். இளநாற்றைத் தின்று தீர்த்து விவசாயியை அழவைக்கும் அந்த நத்தை, தொட்டிக்குள் வந்தால் செடிகளை அடியோடு மேய்ந்துவிடும். வயலில் அடித்த பூச்சிமருந்தும் செடியோடு வரும். பக்கத்து வீட்டுத் தொட்டியில் வெட்டிப்போட்ட தண்டை வாங்கி நடுவது இதைவிடப் பாதுகாப்பு. மலைக்காட்டில் வளரும் கிரிப்டோகோரினைப் பிடுங்குவது வேண்டவே வேண்டாம். சில இனங்கள் ஒன்றிரண்டு ஓடைகளில் மட்டுமே இருக்கின்றன. ஒருவர் ஒரு பை நிறைய அள்ளினால் ஓர் ஓடையே வெறுமையாகும்.

நீர் குழாயிலிருந்தே வரட்டும். பினாங்கின் குழாய் நீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருவது. கிருமி நீக்க மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் ஆவியாகிவிடும் என்பது பழைய வழக்கம். குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது. ஆகவே கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தை அளவோடு சேர்ப்பதே சரி. நீரை ஊற்றும்போது மணல் மேல் ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெல்ல ஊற்றினால் அடிமண் கிளம்பாது.

அதன் பிறகு காத்திருப்பு. பணம் குறைவாக இருப்பவர் அந்தக் குறையைப் பொறுமையால் ஈடுகட்டலாம். இந்தப் பேச்சு முழுவதிலும் சொல்ல வேண்டிய முக்கியச் செய்தி இதுதான். மீன் கழிவிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதலிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது செடிக்கு உணவு. இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். செடி அடர்ந்திருந்தால் ஆபத்து குறையும், ஆனால் முற்றாக நீங்காது. வெப்ப நாட்டுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. நீர் சூடாகச் சூடாக அம்மோனியாவின் நச்சுப் பங்கு கூடுகிறது, பி.எச் ஓர் அலகு ஏறினால் அது ஏறத்தாழ பத்து மடங்காகிறது. கடற்கரை மணலைத் தள்ளிவைத்ததன் காரணம் இங்கே விளங்கும். ஆக்சிஜனும் அப்படித்தான். 20 பாகை நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் ஏழரைதான். ஐரோப்பியர் சொல்லும் மீன் எண்ணிக்கையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

புதுத் தொட்டியில் முதல் நாளே மீன் விட்டு, மூன்றாம் நாள் அது மேலே மிதக்க, மறுபடி கடைக்குப் போய் வேறு மீன் வாங்குவது ஊருக்கு ஊர் நடப்பது. ஒரு மாதம் செடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் செலவு மிச்சம். அந்த மாதத்திலும் வாரம் இரண்டு முறை கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். புது மண் அப்போதுதான் சத்தை அதிகமாக விடும். எடுத்த நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நல்ல உரம். வடிகட்டிக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்சு ஃபில்டர் போதும். அதைக் கழுவும்போது குழாயடியில் காட்டக்கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழிய வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதம் வளர்ந்த பாக்டீரியா ஒரு நிமிடத்தில் செத்துப்போகும்.

கரியமில வாயு உருளை இந்தத் தொட்டிக்கு வேண்டியதில்லை. சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட பாட்டிலில் அந்த வாயுவை உண்டாக்கும் மலிவு முறை ஒன்று உண்டு. அது இரவிலும் நிற்காது, மீனுக்கு மூச்சுத்திணறும். முதல் தொட்டிக்கு அதையும் தவிர்க்கலாம். ஜப்பானியச் செடித் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) லிஸ்பன் மீன்காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்துக்கு அமைத்த செடித் தொட்டியைப் படத்தில் பார்த்து ரசிப்போம். கற்றுக்கொள்ளவும் அதில் நிறைய இருக்கிறது. ஆனால் அது எவ்வளவோ ஆட்களும் கருவிகளும் சேர்ந்து நடத்திய காரியம்.

மீன் விடும் நாள் வந்ததும் முதலில் நான்கைந்து. ஒரு வாரம் கழித்து இன்னும் நான்கைந்து. ஹார்லிகுவின் ரஸ்போரா கூட்டமாகத் திரியும் சாதுவான மீன். செம்பு நிற உடலில் கறுப்பு முக்கோணம். 1904இல் ஜெர்மானியரான டுங்கர் மலாய்த் தீபகற்பத்து மீன்கள் பற்றி எழுதியபோது விவரித்தது அது. ஓடையிலிருந்து உலகத்துக்குப் போய் இன்று பண்ணைகளில் பெருகி, குறைந்த விலையில் திரும்பி வருகிறது. வயலும் வாய்க்காலும் சார்ந்த பெட்டா இம்பெலிஸ் இன்னொன்று; ஐந்து சென்டிமீட்டர்தான் வளரும், சூட்டைத் தாங்கும், நீர்மேல் நுரைக்கூடு கட்டும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போதும். கடற்கரையில் உதிரும் கெத்தாப்பாங் இலையைக் காயவைத்து ஒன்றிரண்டு போட்டால் நீர் இளந்தேநீர் நிறம் பெறும். பெட்டா வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது அது.

கேன்டரின் பினாங்கு பெட்டா மலையோடையின் குளிர்ந்த நீருக்குப் பழகியது, ஏறத்தாழ பத்து சென்டிமீட்டர் வளர்வது, தாவுவது. ஆகவே இரண்டாம் தொட்டிக்கு, மூடியும் சிறு மின்விசிறியும் வைக்க முடிந்தபோது, அதைப் பற்றி யோசிக்கலாம். அதன் குடும்ப வாழ்க்கை பார்க்க வேண்டிய ஒன்று. பெண் முட்டையிடும்போது ஆண் தன் அடித்துடுப்பை வளைத்து முட்டைகளைத் தாங்குகிறது. பெண் அவற்றை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி ஆணின் முன்னே துப்ப, ஆண் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆண் எதுவும் தின்னாமல், தாடை புடைக்க, செடி நிழலில் ஒதுங்கி நின்று முட்டைகளை வாய்க்குள் காக்கும். குஞ்சுகள் நீந்தும் நிலையில் வெளியே வரும். சண்டை மீன் என்ற பெயரோடு அறிவியலுக்கு அறிமுகமானது இப்படிப் பொறுப்பான ஒரு தகப்பன்.

சட்டம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டு வளாகத்தில் ஏடிஸ் புழு கண்டால் அபராதம் உண்டு. மீன் இருக்கும் தொட்டியில் கொசு பெருகாது, புழுவை மீன் தின்றுவிடும். ஆபத்து வெளியே இருக்கிறது: செடி ஊறவைத்த வாளியில், நீர் மாற்றிய பக்கெட்டில், மழையில் நிறைந்த காலித் தொட்டியில். மீன் விடாத அந்த முதல் மாதத் தொட்டிக்கும் வலைமூடி போட வேண்டும். செடி வாளியில் ஒரு ஜோடி கப்பி மீனை விட்டுவைத்தால் கவலையில்லை.

மூன்றாம் மாதம் செடி வெட்டும் வேலை தொடங்கும். வெட்டிய தண்டை வீட்டுக்கு முன்னால் ஓடும் சாக்கடையில் எறிவதுதான் சுலபம், செய்யக்கூடாததும் அதுதான். 1950களின் தொடக்கத்தில் இலங்கையிலிருந்து தொட்டிச் செடியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா அங்கே நீர்நிலைகளில் தப்பிப் பரவி, ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்து, இன்றுவரை பெரும் பணத்தை விழுங்குகிறது. பகாங்கின் தாசேக் சீனி ஏரியில் தென் அமெரிக்கத் தொட்டிச் செடியான கபோம்பா பெருகி, அங்கிருந்த தாமரையை நெருக்குகிறது. மீனும் அப்படியே: கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கி, பெரிதானதும் ஆற்றில் விடப்பட்ட ‘ஈக்கான் பண்டாராயா’ கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி, அதைப் பிடித்து அகற்றவே தன்னார்வக் குழுக்கள் புறப்பட வேண்டியதாயிற்று. பாலிக் புலாவின் ஓடைகளும் வாய்க்கால்களும் குறுகியவை, நேராகக் கடலுக்கோ வயலுக்கோ போய்ச் சேர்பவை. வெட்டிய செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்து மரத்தடியில் உரமாகப் போடலாம், அல்லது ஈரத்துணியில் சுற்றிப் புதிதாகத் தொட்டி வைப்பவருக்குக் கொடுக்கலாம். வளர்க்க முடியாத மீனைக் கடைக்காரர்கள் பலர் சும்மாவாவது வாங்கிக்கொள்வார்கள். வாங்கும்போதே அதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.